ஏறுகிற வண்டிக்கு வழி விடு!

உங்களிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா? இருந்தால் பர்ஸிலிருந்து எடுத்து மேஜை மேல் வையுங்கள். ஒரு சின்னப் பரீட்சை. மூன்றே மூன்று கேள்விகள். பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது.

ஒன்று: குறுகலான மலைப்பாதை. நீங்கள் இறங்கி வருகிறீர்கள். எதிரே ஒரு வண்டி ஏறி வருகிறது. இரண்டு வண்டிக்கும் இடமில்லை. யார் ஒதுங்கி நிற்க வேண்டும்?

இரண்டு: ரோட்டோரம் சிவப்பு விளிம்போடு முக்கோண போர்டு ஒன்று. அதே சிவப்பு விளிம்போடு வட்ட போர்டு ஒன்று. என்ன வித்தியாசம்?

மூன்று: உங்கள் வண்டி ஒருவர் மேல் மோதிவிட்டது. பக்கத்தில் போலீஸ்காரர் யாரும் இல்லை. எத்தனை மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும்?

யோசித்துக்கொண்டே இருங்கள். விடைகள் போகப் போக வரும். இந்தக் கேள்விகளை நான் தயாரிக்கவில்லை. என்னைக் கேட்டார்கள். சோழபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்துக் கேட்டார்கள். இருபது வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிற, பி.காம். படித்த, நாலு விஷயம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கிற நான் மூன்றில் இரண்டுக்குத் தப்பாகச் சொன்னேன்.

சோழபுரம் என்றதும் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்விடாதீர்கள். கும்பகோணம் பக்கத்திலும் ஒரு சோழபுரம் உண்டு. அதுவும் இல்லை. நான் சொல்வது ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரம். ஒரு பக்கம் பஞ்சு, நூல். இன்னொரு பக்கம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. கொஞ்சம் தள்ளினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சிவகாசிப் பட்டாசு. இத்தனையும் ஊர் விட்டு ஊர் போக வேண்டும் என்றால் லாரி வேண்டும். லாரிக்கு டிரைவர் வேண்டும். அதனால் இந்தப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு டிரைவர் இருப்பார். இல்லாவிட்டால் டிரைவர் ஆக ஆசைப்பட்ட ஒருவர் இருப்பார்.

நான் பார்த்தது இரண்டாவது ஆளை. வயது நாற்பத்து மூன்று. பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கையில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் கொடுத்த ஒரு மெல்லிய புத்தகம். படம் படமாக ரோடு அடையாளங்கள், அப்புறம் கேள்வி பதில். பக்கத்தில் அவருடைய மகள். ஒன்பதாவது படிக்கிறது. பெண் கேள்வியை வாசிக்கிறது. அப்பா பதில் சொல்கிறார்.

"அப்பா, ரவுண்டானாவுல எந்தப் பக்கம் வர்ற வண்டிக்கு வழி விடணும்?"

"வலது பக்கம்."

"பாதசாரிகள் கடக்குற இடத்துல ஆள் நின்னா?"

"நிப்பாட்டணும். என்னத்த இதைப் போய் கேட்டுக்கிட்டு... அடுத்ததைச் சொல்லு தாயி."

"வண்டி ஓட்டத் தெரியுமாண்ணாச்சி?" என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "பதினஞ்சு வயசுல கிளீனரா ஏறுனவரு சார். இவருக்குத் தெரியாத ரோடு இருக்கா?" என்றார்.

தெரியும். ஆனால் லைசென்ஸ் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த வாரக் கதை. அது ஒரு தனி மனிதருடைய கதை மட்டுமல்ல. கையால் கற்ற வித்தைக்கும் எழுத்தால் எழுதுகிற பரீட்சைக்கும் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற இழுபறியின் கதை.

அதைப் புரிந்துகொள்ள, இந்த லைசென்ஸ் என்கிற சமாசாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் ஐரோப்பா வரை போய்விட்டு வந்துவிடலாம், வாருங்கள்.

மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ், 1888-ல் ஜெர்மனியில் உள்ளூர் அரசாங்கத்திடம் எழுத்து மூலமாக ஒரு அனுமதி வாங்கினார். அவர் வண்டி போட்ட சத்தமும் புகையும் அப்படி. உலகின் முதல் லைசென்ஸ் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கவனியுங்கள், அதற்குப் பரீட்சை எதுவும் இல்லை.

பரீட்சை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது பாரிஸ் நகரம். 1893-ல் அங்கே போலீஸ் தலைமை ஓர் உத்தரவு போட்டது. வண்டி ஓட்டுகிறவர் தனக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அன்றைய வண்டி பாதி வழியில் நின்றுபோகிற வண்டி. அதனால் ஓட்டுகிறவருக்கு இயந்திரமும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் நடந்தது வேடிக்கை. 1903-ல் சட்டம் போட்டார்கள். 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து லைசென்ஸ் கட்டாயம். ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும், லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை! இப்படியே முப்பது வருஷம் ஓடியது. 1934-ல் மட்டும் அந்த நாட்டு ரோடுகளில் 7,343 பேர் செத்துப்போனார்கள். அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். 1935-ல் டிரைவிங் டெஸ்ட் கட்டாயமானது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த டெஸ்ட்டில் சாலை விதிகளை எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? வண்டி ஓட்டிக் காட்டி முடித்ததும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து வாயால் கேட்பார். இவர் வாயால் பதில் சொல்வார். அவ்வளவுதான். எழுத்துப் பரீட்சையைத் தனியாகப் பிரித்தது 1996 ஜூலையில். அறுபது வருஷம் வாய்மொழித் தேர்விலேயே வண்டி ஓடியிருக்கிறது.

ரோட்டோர அடையாளங்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1909-ல் பாரிஸில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. எல்லா நாட்டுக்கும் பொதுவாக நான்கே நான்கு அடையாளங்கள்: மேடு பள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, ரயில்வே கேட். நான்கும் படங்கள். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் வண்டி ஓட்டினால் அந்த ஊர் பாஷை தெரியாமல் முழிக்கக் கூடாதல்லவா? அதனால் எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தார்கள். 1968-ல் வியன்னாவில் இது இன்னும் விரிவான ஒப்பந்தமாக ஆனது. இந்தியா 1980-ல் அதில் சேர்ந்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. முக்கோணம் என்றால் எச்சரிக்கை: 'முன்னால் வளைவு இருக்கிறது, பார்த்து வா.' சிவப்பு வட்டம் என்றால் கட்டளை: 'இந்த வேகத்துக்கு மேல் போகாதே, முந்தாதே.' முக்கோணத்தைக் கவனிக்காவிட்டால் ஆபத்து. வட்டத்தை மீறினால் குற்றம். நீல நிறத்தில் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்தால் தகவல்: ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை. வடிவத்தைப் பார்த்தாலே போதும், தூரத்திலிருந்தே விஷயம் புரிந்துவிடும். ஆக, ரோட்டின் பாஷை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாசிக்கும்படி வேண்டுமென்றே உருவாக்கப்பட்ட பாஷை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் ஊருக்குத் திரும்பலாம்.

மோட்டார் வண்டி இங்கே வந்தபோது முதலில் மாகாணங்கள்தான் தனித்தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டன. நாடு முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது 1914-ல். ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், வயது பதினெட்டாவது இருக்க வேண்டும் என்றது. படிப்பு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசியிருந்தால் வண்டியே ஓடியிருக்காது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறே பேர். அந்த ஆறு பேரும் குமாஸ்தா வேலைக்குத்தான் போவார்களே தவிர, ஹேண்டில் போட்டுச் சுற்றி இன்ஜினைக் கிளப்ப வரமாட்டார்கள்.

அதே 1910-களில்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தென் தமிழ்நாட்டில் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். பிறகு ஆளாளுக்கு பஸ், லாரி வாங்கினார்கள். ரயிலுக்கே போட்டியாகிற அளவுக்கு மோட்டார் தொழில் வளர்ந்ததும், 1939-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்டுகிறவருக்கு இருபது வயது ஆகியிருக்க வேண்டும் என்றது. ஓட்டிக் காட்ட வேண்டும், சாலை விதிகளும் அடையாளங்களும் தெரியும் என்றும் காட்ட வேண்டும் என்றது. அப்போதும் எத்தனாவது படித்தாய் என்று கேட்கவில்லை.

அப்படியானால் டிரைவர்கள் எங்கே படித்தார்கள்? லாரியின் இடது பக்க சீட்டில்!

கிளீனர் வேலை என்பது ஒரு குருகுலம். தார்ப்பாய் கட்டுவதில் ஆரம்பிக்கும். டயரைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். மேட்டில் நின்றால் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது 'வரட்டும் வரட்டும்' சொல்ல வேண்டும். டிரைவரோடு சேர்ந்து ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும். பல வருஷம் கழித்து ஒருநாள், நல்ல அகலமான ரோட்டில், டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அன்றைக்குத்தான் பாஸ்.

நம் சோழபுரத்துக்காரர் படித்ததும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான். நிஜப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. அம்மாவோடு பிறந்த மாமா லாரி டிரைவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். ராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற ரோட்டில் காலம் முழுக்க ஓட்டியவர். செங்கோட்டையைத் தாண்டி, புளியரை எஸ் வளைவில் லோடு வண்டியை ஏற்றி இறக்குவது விளையாட்டுக் காரியமில்லை என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

"மாமா ஒண்ணே ஒண்ணுதான் சார் சொல்லும். ஏறுன கியர்லயே இறங்குடா, பிரேக்கை நம்பாதேன்னு சொல்லும்" என்றார்.

இந்த வாக்கியத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தேடி அமெரிக்கா வரை போகப் போகிறோம்.

1939 சட்டத்துக்குப் பதிலாக 1988-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1989 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. இன்றைக்கும், பல திருத்தங்களோடு, அதுதான் சட்டம். கூடவே வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், எல்.எல்.ஆர். கேட்டு வருகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நான்கு பாடங்களைச் சொல்கின்றன. அடையாளங்களும் சாலை விதிகளும் ஒன்று. விபத்து நடந்தால் டிரைவரின் கடமை என்ன என்பது இரண்டு. ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடப்பது எப்படி என்பது மூன்று. வண்டியில் என்னென்ன பேப்பர் வைத்திருக்க வேண்டும் என்பது நான்கு. நூற்றுக்கு அறுபது சரியாகச் சொன்னால் பாஸ்.

நம் மூன்றாவது கேள்வி இதில் இரண்டாவது பாடத்தில் வருகிறது. அடிபட்டவருக்கு முதலில் வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். பக்கத்தில் போலீஸ் இல்லை என்றால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். நான் 'நாற்பத்தெட்டு' என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

மூன்றாவது பாடம் இன்னும் அழகு. ஆளில்லா கேட் வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கி, தண்டவாளம் வரை நடந்துபோய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, முன்னால் நடந்து வண்டியைக் கூட்டிப்போக வேண்டும். யாரும் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும். இது சட்டத்தின் 131-வது பிரிவு. ஒரு லாரியின், பஸ்ஸின் மொத்த உயிரையும் அந்த ஒரு நிமிஷம் கிளீனரின் கண்ணை நம்பி ஒப்படைக்கிறது சட்டம். அகல ரயில் பாதையில் ஆளில்லா கேட்டுகள் எல்லாம் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. அதற்கு முன்பு எத்தனை கேட்டில் எத்தனை கிளீனர்கள் இறங்கி நடந்திருப்பார்கள்!

அந்தக் கிளீனரை நோக்கித்தான் 2007-ல் ஒரு கதவு மூடியது.

அந்த வருஷம் ஏப்ரலில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம். டிரான்ஸ்போர்ட் வாகனம், அதாவது லாரி, பஸ், டாக்சி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா? குறைந்தது எட்டாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம், அவர்களுக்கு இந்த விதி கிடையாது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. நம் ரோடுகளில் சாகிறவர்களின் கணக்கு பயங்கரமானது. 2022-ல் மட்டும் 1,68,491 பேர். படித்தவர் ஓட்டினால் விதிகளை மதிப்பார், பெயர்ப்பலகையை வாசிப்பார், பேப்பர்களைச் சரியாக வைத்துக்கொள்வார் என்று யோசிப்பதில் தப்பில்லை.

ஆனால் அந்த விலக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மாமா தொடர்ந்து ஓட்டலாம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்ட மருமகன் ஓட்டக் கூடாது. வலது சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடது சீட்டில் இருந்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

2008 வாக்கில் மாமா சொல்லியிருக்கிறார், "இனி நீ லைசென்ஸ் எடுத்துரு மாப்ளே, எனக்குக் கண்ணு மங்குது." இவர் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார். முதல் கேள்வியே, "எட்டாவது டி.சி. இருக்கா?" இல்லை என்றதும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். எட்டாவது இல்லாவிட்டால் லைசென்ஸே கிடையாது என்று இவர் புரிந்துகொண்டு திரும்பிவிட்டார்.

உண்மையில் சொந்த உபயோகத்துக்குக் கார் ஓட்டுகிற லைசென்ஸுக்கு அப்போதும் படிப்புத் தகுதி கிடையாது. அதையாவது எடுத்து வைத்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மாமா வண்டியை விட்டு இறங்கியதும் இவர் வேறு வண்டியில் கிளீனர். பிறகு லோடுமேன்.

நான் பி.காம். ஆயிற்றே, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? "டிரைவர் சம்பளத்துல உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டேன். "பாதிக்குக் கொஞ்சம் மேல" என்றார். 2007-லிருந்து 2019 வரை பன்னிரண்டு வருஷம். நூற்று நாற்பத்து நாலு மாசம். மாசா மாசம் பாதிச் சம்பளத்தை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. நான் பேப்பரில் எழுதிக் காட்டியதை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சரி, அமெரிக்கா போகலாம் என்றேனே.

அங்கேயும் இதே பிரச்னை இருந்தது. 1980-கள் வரை அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே பதினெட்டுச் சக்கர டிரெய்லரைக்கூட ஓட்டலாம். அதோடு, ஒரே ஆள் நாலு மாநிலத்தில் நாலு லைசென்ஸ் வைத்துக்கொள்வார். ஒன்றில் அபராதம் சேர்ந்தால் இன்னொன்றை நீட்டுவார். நம் ஊர் மூளைக்குச் சற்றும் குறைந்ததில்லை!

1986-ல் ஒரு சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். ஒருவருக்கு ஒரே லைசென்ஸ். கனரக வண்டிக்கென்று தனித் தேர்வு. 1992 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். அந்தத் தேர்வின் முதல் படிக்குப் பெயரே பொது அறிவுத் தேர்வு. பொது அறிவு என்றதும் தலைநகரம், நாணயம் என்று நினைக்காதீர்கள். லாரிப் பொது அறிவு! வண்டியை எடுப்பதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும், லோடை எப்படிக் கட்ட வேண்டும், ஈர ரோட்டில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், தூக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும். எண்பது சதவிகிதம் எடுத்தால்தான் பாஸ். இதற்காக ஒவ்வொரு மாநிலமும் ஒரு கையேடு போடுகிறது.

அந்தக் கையேட்டில் மலையிறக்கம் பற்றி ஒரு பகுதி. பழைய லாரிகளுக்கு ஒரு விதி சொல்கிறார்கள்: மேட்டில் ஏற எந்த கியர் தேவைப்படுமோ, அதே கியரில் இறங்கு. புதிய வண்டிகளுக்கு அதைவிடக் குறைந்த கியர்கூடத் தேவைப்படலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

ஏறுன கியர்லயே இறங்குடா, பிரேக்கை நம்பாதே!

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு மாமா புளியரை வளைவில் சொன்னதை அமெரிக்க அரசாங்கம் அச்சடித்துப் பரீட்சைக்குப் பாடமாக வைத்திருக்கிறது. மாமா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. அதை எழுதியவர்கள் மாமாவைப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் மலைதான் வாத்தியார். புத்தகத்தில் இருக்கிற அறிவு முதலில் யாரோ ஒரு டிரைவரின் கையிலும் காலிலும் இருந்ததுதான்.

அப்படியிருக்க, 'உனக்கு இது தெரியுமா?' என்று கேட்பது பரீட்சை. 'நீ எத்தனாவது வரை போனாய்?' என்று கேட்பது பரீட்சையே இல்லை. அது வாசலில் நிற்கிற காவல்காரன். நம் விதி பன்னிரண்டு வருஷம் அந்த இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்டது.

2019 ஜூனில் மத்திய அரசே இதை ஒப்புக்கொண்டது. ஹரியானாவில் மேவாத் என்று ஒரு பகுதி. பின்தங்கிய பகுதி. அங்கே பிழைப்பே டிரைவர் வேலைதான். எட்டாவது இல்லாததால் ஏராளமானவர்கள் லைசென்ஸ் எடுக்க முடியவில்லை என்று ஹரியானா அரசு முறையிட்டது. வண்டி ஓட்டுவது படிப்பைவிடத் திறமையைச் சார்ந்தது என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை என்ற காரணத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷமே விதி நீங்கியது. படிப்புக்குப் பதிலாகப் பயிற்சியை இறுக்கப்போவதாகச் சொன்னார்கள். 2021-ல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகளில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி என்று வைத்தார்கள்.

அப்பாடா, படிப்பே வேண்டாம் என்று முடித்துவிடலாமா? முடியாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது சோழபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வெடிபொருள், எரிவாயு, ஆசிட் மாதிரியான ஆபத்தான சரக்கு ஏற்றுகிற வண்டிக்குத் தனி விதி உண்டு. அதை ஓட்டுகிறவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். ஏன் என்று சிவகாசியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா, எவ்வளவு தூரம் ஜனங்களை விலக்க வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் டிரைவரிடம் உள்ள அவசரக் குறிப்பில் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் வாசிக்கத் தெரியாவிட்டால் அனுபவம் கைகொடுக்காது. சிலிண்டர் எத்தனை முறை வெடிக்கும் என்று யாரும் அனுபவத்தில் கற்றுக்கொள்ள முடியாது, இல்லையா?

ஆகவே எழுத்து வேண்டும். எந்த இடத்தில் அது உயிரைக் காப்பாற்றுகிறதோ அந்த இடத்தில் கேட்க வேண்டும். ஆபத்தான சரக்குக்கு எழுத்தைக் கேட்ட விதியும், எல்லா லாரிக்கும் எட்டாவதைக் கேட்ட விதியும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும். முன்னது 'வாசிக்கத் தெரியுமா?' என்று கேட்கிறது. பின்னது சர்ட்டிபிகேட்டைக் கேட்கிறது. எட்டாவது பாஸ் பண்ணிய எத்தனை பேருக்கு ஒரு பாராவைத் தடங்கலில்லாமல் வாசிக்க வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, சோழபுரத்துக்காரர் விஷயம் என்ன ஆனது?

விதி 2019-ல் நீங்கியது. இவருக்கு அது தெரியவந்தது மூன்று வருஷம் கழித்து. கதவு மூடியதை மட்டும் சட்டென்று சொன்னார்கள், திறந்ததைச் சொல்ல ஆளில்லை. அப்புறமும் பணம், பயம், இந்த வயதிலா என்கிற கூச்சம். இப்போது மகள் பிடித்துத் தள்ளியதில் புத்தகத்தை எடுத்திருக்கிறார்.

பாதை இன்னும் நீளம். முதலில் எல்.எல்.ஆர். பரீட்சை. அது கிடைத்து முப்பது நாள் கழித்து கார் லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் ஒரு வருஷம் ஆன பிறகுதான் டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்.எல்.ஆரே போட முடியும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும் வேண்டும். லாரியை வலது சீட்டிலிருந்து சட்டப்படி ஓட்டும்போது அவருக்கு நாற்பத்தைந்து ஆகியிருக்கும். அரசு பஸ் கனவெல்லாம் கிடையாது. 2025-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 டிரைவர் கம் கண்டக்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது பத்தாவது பாஸும் எழுத்துத் தேர்வும் கேட்டார்கள்.

"இதுக்குப் பேசாம லோடுமேனாவே இருந்துடலாம்னு தோணலையா?" என்றேன்.

"ராத்திரி டிரைவருக்குக் கண்ணு சொக்கும் சார். ஸ்டியரிங்கைப் பிடிடாம்பாரு. பிடிச்சா சட்டத்துக்குப் பயம். பிடிக்காட்டி உசுருக்குப் பயம். இத்தனை வருசம் ரெண்டு பயத்தோடயும் உக்காந்து வந்துட்டேன். ஒரு பயமாவது போகட்டுமே."

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், முதலாளி இவரைக் கைகாட்டுவார் என்பதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவருக்கு அது ராத்திரி ராத்திரியாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது முதல் கேள்வி பாக்கி. மலைப்பாதையில் யார் நிற்க வேண்டும்?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏறுகிறவர்தான் நிற்கணும். இறங்குகிறவருக்கு பிரேக் பிடிக்கிறது கஷ்டம் இல்லையா?" என்றேன். படித்தவனுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மகள் வாசிப்பதற்காகவும் காத்திருக்கவில்லை.

"இறங்குறவன்தான் சார் ஒதுங்கி நிக்கணும். லோடோட ஏறுற வண்டி பாதியில நின்னா மறுபடி எடுக்க முடியாது. பின்னால உருளும். கட்டை போட நான் குதிக்கணும். எத்தனை தடவை குதிச்சிருக்கேன்..."

பெண் பக்கத்தைப் புரட்டி விடையைச் சரிபார்த்தது. சரிதான். ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை. இறங்குகிறவர் ஓரமாக நிறுத்தி வழி விட வேண்டும்.

உங்கள் லைசென்ஸை எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு எத்தனை?